திரும்பி வந்த தசையும் புதிதாய் வளர்ந்த தசையும்

பெருநாளுக்குப் பின் ஜிம்முக்குத் திரும்பும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அறிந்துகொள்ள வேண்டியவை

ஷவ்வால் பிறை கண்டு ஒரு வாரம் போனதும் நம் பகுதி ஜிம்களில் மறுபடியும் கூட்டம் கூடுகிறது. ரமளான் முழுக்க நோன்பு, தராவீஹ், ஸஹர் என்று போனதில் பலர் எடைப் பயிற்சியை ஓரமாக வைத்திருப்பார்கள். திரும்பிப் போகும் முதல் நாள், "ஒரு வருஷமா செஞ்சதெல்லாம் ஒரே மாசத்துல போச்சு" என்று கண்ணாடியைப் பார்த்து வருந்துவார்கள். மூன்றாவது வாரத்தில் அதே பிள்ளைகள், "பழைய தோள் திரும்பிடுச்சு, முன்னாடியவிட வேகமா ஏறுது" என்று மகிழ்வார்கள்.

இரண்டும் பாதி உண்மைதான். ஒரு மாதத்தில் எல்லாம் போய்விடவில்லை. மூன்று வாரத்தில் வந்ததெல்லாம் புதிதாக வளர்ந்ததும் இல்லை. ஏற்கெனவே உழைத்துச் சேர்த்ததை உடல் திருப்பித் தருகிறது. அவ்வளவுதான். இந்த வேறுபாடு தெரியாததால்தான் சிலர் மூட்டையும் முதுகையும் கெடுத்துக்கொள்கிறார்கள். சிலர் பவுடருக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஒரு சிலர் ஊசி வரை போய்விடுகிறார்கள். ஆகவே, இடைவெளிக்குப் பின் தசைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

ஒரு மாத இடைவெளியில் எவ்வளவு குறைகிறது?

நாம் அஞ்சும் அளவுக்கு இல்லை. ஓட்டம், சைக்கிள் போன்றவற்றில் வரும் மூச்சுத்திறன் இரண்டு மூன்று வாரத்திலேயே இறங்கத் தொடங்கும். தசையின் வலிமை அப்படி இல்லை. நன்றாகப் பயிற்சி செய்து வந்தவருக்கு மூன்று நான்கு வாரம் விட்டாலும் வலிமை பெரிதாகக் குறைவதில்லை.

அப்படியானால் கண்ணாடியில் தோள் சுருங்கித் தெரிவது ஏன்? நம் தசைகள் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கின்றன. வளர்ந்த ஒருவரின் தசைகளில் 400, 500 கிராம் வரை இது இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். பயிற்சி நின்று, உணவு நேரமும் மாறும்போது இந்தச் சேமிப்பு குறைகிறது. அதோடு தண்ணீரும் போகிறது. எடை பார்க்கும் எந்திரத்தில் ஒன்றரை கிலோ குறைந்தால் அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. அதில் பெரும்பங்கு தசை இல்லை, தசைக்குள் இருந்த நீர்.

முதல் இரண்டு வாரம்: நீரும் நரம்பும்

மறுபடி பயிற்சி தொடங்கி, வயிறார உண்ணவும் ஆரம்பித்தால் அந்தக் கிளைக்கோஜன் சில நாளிலேயே நிரம்புகிறது. நீரும் கூடவே வருகிறது. இதுபோக, பழக்கம் விட்டுப்போன தசையில் எடை தூக்கும்போது நுண்ணிய காயங்கள் உண்டாகி இலேசான வீக்கமும் வரும். சட்டைக் கை இறுகுவதற்கு முதலில் இவைதாம் காரணம். பயிற்சியின் முதல் சில வாரங்களில் அளக்கப்படும் பருமனில் கணிசமான பங்கு இந்த வீக்கம்தான் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

வலிமை விரைவாகத் திரும்புவதற்கு நரம்பு மண்டலம் ஒரு காரணம். ஒரு எடையைத் தூக்க எத்தனை தசைநார்களை, எந்த வரிசையில், எவ்வளவு வேகத்தில் இயக்க வேண்டும் என்பதை மூளை கற்று வைத்திருக்கிறது. சைக்கிள் ஓட்டக் கற்றவர் பத்து வருடம் கழித்து ஏறினாலும் விழுவதில்லை அல்லவா? அதுபோலத்தான். இரண்டு மூன்று தடவை தூக்கியதும் பழைய பழக்கம் திரும்பிவிடும். முதல் வாரம் 40 கிலோவுக்குத் திணறியவர் இரண்டாம் வாரம் 50 கிலோவை எளிதாகத் தூக்குவார். அந்த 10 கிலோவும் புதுத் தசை தூக்கியதில்லை. இருக்கும் தசையை மூளை சரியாக வேலை வாங்கியதன் பலன் அது.

தசைக்கும் நினைவு உண்டு

நீரும் நரம்பும் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. பல மாதங்கள் விட்டு, தசை உண்மையிலேயே மெலிந்துபோன பிறகும் முதல் தடவையைவிட வேகமாக அது திரும்பி வளர்கிறது.

குர்ஆனை மனனம் செய்யும் நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஒரு ஜுஸ்உவை முதன்முதலாக மனப்பாடம் செய்ய ஒரு மாணவனுக்கு வாரக்கணக்கில் ஆகலாம். ஓதாமல் விட்டால் மறந்தும் போகும். ஆனால் மறந்ததை மீண்டும் உட்கார்ந்து ஓதினால் சில நாளிலேயே நாவில் வந்துவிடும். முற்றிலும் அழிந்திருந்தால் மறுபடியும் அதே அளவு காலம் பிடித்திருக்க வேண்டும். எங்கோ ஒரு தடம் மிஞ்சியிருக்கிறது என்பதே இதன் பொருள். தசையிலும் அப்படி ஒரு தடம் இருக்கிறது.

உடலின் பெரும்பாலான செல்களில் ஓர் உட்கருதான் இருக்கும். தசைநார் அப்படி இல்லை. ஒரே தசைநாருக்குள் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் உண்டு. இவற்றை ஒரு பெரிய கட்டட வேலையில் இருக்கும் மேஸ்திரிகளாக எண்ணிக்கொள்ளலாம். ஒவ்வொரு மேஸ்திரியும் தன் பங்குக்குரிய பகுதியைத்தான் பார்க்க முடியும். கட்டடம் பெரிதாக வேண்டுமானால் மேஸ்திரிகள் கூட வேண்டும். எடைப் பயிற்சி செய்யும்போது தசைநாரை ஒட்டிக் கிடக்கும் சாட்டிலைட் செல்கள் என்னும் துணைச் செல்கள் விழித்து, பெருகி, தசைநாரோடு இணைந்து தம் உட்கருக்களைக் கொடுக்கின்றன.

நார்வேயின் ஓஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010ல் இதை எலிகளின் தசையில் நேரடியாகக் கண்டார்கள். தசைக்குச் சுமை கூடியபோது முதலில் உட்கருக்களின் எண்ணிக்கை உயர்ந்தது, அதன் பிறகே தசை பருத்தது. பின்னர் அந்தத் தசைக்கு மூன்று மாதம் வேலையே இல்லாமல் செய்தபோது தசை மெலிந்தது. ஆனால் கூடிய உட்கருக்கள் குறையவில்லை. வேலை நின்றதும் ஆட்கள் போய்விட்டார்கள், மேஸ்திரிகள் மட்டும் இடத்தை விட்டுப் போகவில்லை. மீண்டும் வேலை தொடங்கும்போது அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டிய தேவை இல்லை.

மனிதர்களில் இந்த உட்கருக்கள் எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பது பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் நடக்கிறது. உட்கருவைத் தவிர இன்னொரு தடமும் கண்டறியப்பட்டிருக்கிறது. 2018ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், அதற்கு முன் எடைப் பயிற்சி செய்திராத 8 ஆண்கள் 7 வாரம் பயிற்சி செய்து, 7 வாரம் நிறுத்தி, மீண்டும் 7 வாரம் செய்தார்கள். இரண்டாம் முறை தசை கூடியது முதல் முறையைவிட அதிகம். அவர்களின் தசையில், மரபணுக்களை இயக்கவும் நிறுத்தவும் உதவும் சில வேதிக்குறிகள் முதல் பயிற்சியின்போது மாறின. பயிற்சியை நிறுத்திய பிறகும் அவற்றில் பல மாறியபடியே இருந்தன.

காரணம் எதுவானாலும் பலனில் ஐயம் இல்லை. 1991ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 20 வாரம் கடும் எடைப் பயிற்சி செய்த பெண்கள் 30 வாரத்துக்கு மேல் அதை முழுவதும் விட்டிருந்தார்கள். திரும்பி வந்து 6 வாரம் பயிற்சி செய்ததுமே, முன்பு 20 வாரத்தில் பெற்ற மாற்றங்களில் பெரும்பகுதி வந்துவிட்டது.

விட்டால் பின்தங்கிவிடுவோமா?

நோன்பில் பயிற்சி விட்டதற்காகக் கவலைப்படும் பிள்ளைகளுக்கு ஆறுதலான இரண்டு ஆய்வுகள் உண்டு. ஜப்பானில் இளைஞர்கள் சிலரை 24 வாரம் பெஞ்ச் பிரஸ் செய்யச் சொன்னார்கள். ஒரு பிரிவினர் விடாமல் செய்தார்கள். மற்றவர்கள் 6 வாரம் செய்து 3 வாரம் விடுவது என்று மாறி மாறிச் செய்தார்கள். முடிவில் இரு பிரிவினரின் தசை வளர்ச்சியும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 2013ல் இது வெளியானது. பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகம் 2024ல் வெளியிட்ட ஆய்வில், நடுவில் 10 வாரம் முழுமையாக விட்டு, முன்னும் பின்னும் 10 வாரம் பயிற்சி செய்தவர்கள், இடைவிடாமல் 20 வாரம் செய்தவர்களுக்கு இணையான நிலையை அடைந்தார்கள்.

முழுவதும் விடாமல் இருக்க விரும்பினால் அதற்கும் வழி உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வில், வாரம் மூன்று நாள், ஒவ்வொன்றிலும் மூன்று செட் என்று செய்துவந்த இளைஞர்கள் அதை வாரம் ஒரே நாள், ஒரே செட் என்று குறைத்த பிறகும் தசையின் பருமனைத் தக்கவைத்துக்கொண்டார்கள். அடுத்த ரமளானில், இன்ஷா அல்லாஹ், தராவீஹுக்குப் பிறகு வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்கினாலே இளைஞர்களுக்குப் போதும். 60 வயதைக் கடந்தவர்களுக்கு அது போதாது என்றும் அதே ஆய்வு காட்டியது. அவர்களைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

வேகமே வினையாகும் இடம்

தசை விரைவாகத் திரும்புகிறது. ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் அந்த வேகத்தில் திரும்புவதில்லை. தசை வாரக்கணக்கில் தேறும், தசைநாணுக்கு மாதக்கணக்கு வேண்டும். மூன்றாம் வாரத்தில் தசை "இன்னும் 10 கிலோ போடு" என்று சொல்லும்போது தோள்பட்டையிலும் முழங்காலிலும் முழங்கையிலும் இருக்கும் நாண்கள் அதற்கு ஆயத்தமாக இருக்காது. ஒரு மாதத்தில் பழைய நிலையைப் பிடித்தவர்கள் இரண்டாம் மாதத்தில் தோள் வலியோடு நிற்பதற்கு இதுவே வழக்கமான காரணம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பெற்றோர் அனைவரும் இதை அறிந்திருக்க வேண்டும். இடைவெளிக்குப் பின் முதல் நாளே பழைய எடையை, பழைய எண்ணிக்கையில், நண்பர்களோடு போட்டி போட்டுத் தூக்கினால் தசைநார்கள் பெருமளவில் சிதைந்துபோகலாம். மருத்துவர்கள் இதை ராப்டோமயோலைசிஸ் என்பார்கள். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. உடலில் நீர் குறைந்திருந்தால் ஆபத்து மேலும் கூடும். சில ஆண்டுகளாகப் பெருநாள் பங்குனி வெயிலில்தான் வருகிறது. தகரக் கூரை போட்ட ஜிம்மில் மாலை நான்கு மணிக்கு நிற்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அறிகுறிகள் இவை: 
- பயிற்சி முடிந்து ஓரிரு நாளில் சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் அல்லது கோலா பானம் போல் போவது
- தசை பாறை போல் இறுகி வீங்குவது
- வழக்கமான வலியாக இல்லாமல் கையை மடக்கவோ நீட்டவோ முடியாத வலி
- சிறுநீர் மிகக் குறைவது, வாந்தி, குழப்பம்

சிறுநீர் நிறம் மாறினால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், பயிற்சி செய்த விவரத்தையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது சிறுநீரகத்துக்கு இன்னும் கேடு செய்யும். நேரத்தோடு போனால் நரம்பு வழியாக நீர் ஏற்றியே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார்கள்.

பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், மயக்கம் வந்தால் அத்துடன் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர் இருந்தால் தொடங்கும் முன்பே இதயப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

நான்கு வாரத்தில் படிப்படியாக

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு வீரர்கள் விடுமுறை முடிந்து திரும்பும் முதல் வாரங்களில் இப்படிப் பாதிக்கப்படுவதும் உயிரிழப்பதும் நேர்ந்ததால், அங்குள்ள இரண்டு பயிற்சியாளர் அமைப்புகள் 2019ல் சேர்ந்து ஒரு நெறியை வகுத்தன. பழைய அளவிலிருந்து முதல் வாரம் 50 சதவீதம், இரண்டாம் வாரம் 30, மூன்றாம் வாரம் 20, நான்காம் வாரம் 10 சதவீதம் குறைத்துச் செய்ய வேண்டும் என்பதே அது. எடை, எண்ணிக்கை, செட் மூன்றையும் பெருக்கி வருவதை அளவு என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது.

ரமளானுக்கு முன் 60 கிலோவை 10 முறை வீதம் 3 செட் தூக்கியவரின் அளவு 1,800. அவர் இப்படித் திரும்பலாம்:

முதல் வாரம்: 45 கிலோ, 10 முறை, 2 செட் (900)
இரண்டாம் வாரம்: 50 கிலோ, 8 முறை, 3 செட் (1,200)
மூன்றாம் வாரம்: 52½ கிலோ, 9 முறை, 3 செட் (ஏறத்தாழ 1,420)
நான்காம் வாரம்: 57½ கிலோ, 9 முறை, 3 செட் (ஏறத்தாழ 1,550)
ஐந்தாம் வாரம்: பழைய 60 கிலோ, 10 முறை, 3 செட்

ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரம் மூன்று நாள் போதும். முதல் இரண்டு வாரமும் "இன்னும் நாலு தடவை தூக்கலாம்" என்ற தெம்பு இருக்கும்போதே இறக்கி வைத்துவிட வேண்டும். வளைகுடாவில் இருந்து இரண்டு ஆண்டு கழித்து வந்தவர், ஆறு மாதம் தேர்வுக்காக விட்டவர் போன்றோர் இந்த நான்கு வாரத்தை எட்டு வாரமாக்கிக்கொள்வது பாதுகாப்பு. ஷவ்வாலின் ஆறு நோன்பு வைப்பவர்கள் நோன்பு நாளில் கடும் பயிற்சியைத் தவிர்க்கலாம். செய்தே ஆக வேண்டுமானால் இஃப்தாருக்குப் பிறகு, தண்ணீர் நன்றாகக் குடித்துவிட்டுச் செய்யலாம்.

வேகம் குறையும் நாளில் வரும் சோதனை

இந்தக் கட்டுரையில் பெற்றோரும் பிள்ளைகளும் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய பகுதி இது.

திரும்பி வருவது வேகமாக இருக்கும் என்று பார்த்தோம். அந்த வேகம் பழைய நிலையைத் தொடும் வரைதான். அதன் பிறகு வர வேண்டியது புதுத் தசை. அது மெதுவாகத்தான் வரும். புதிய உட்கருக்கள் சேர வேண்டும், புதிய புரதம் சேர வேண்டும், தசைநாண் வலுப்பெற வேண்டும். ஐந்து வாரம் மளமளவென்று ஏறிய எடை ஆறாம் ஏழாம் வாரத்தில் நின்றுவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் எதுவும் நிற்கவில்லை. திரும்பி வர வேண்டியது வந்து முடிந்துவிட்டது, வளர வேண்டியது இப்போதுதான் தொடங்குகிறது.

சரியாக இந்த நேரத்தில்தான் யாராவது வந்து, "உனக்கு பாடி ஸ்டக் ஆயிடுச்சு, இத எடுத்துக்க" என்று பவுடர் டப்பாவையோ ஊசியையோ நீட்டுவார்கள். ஐந்து வாரத்தில் வந்த மாற்றத்துக்கும் தாங்கள் விற்ற பவுடரே காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. பிள்ளை நம்பிவிடுவான், ஏனென்றால் மாற்றத்தைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறான். தன் உடல் தனக்குத் திருப்பிக் கொடுத்ததைத்தான் டப்பாவின் கணக்கில் எழுதுகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாது.

பவுடர் பற்றி: தசை வளர்ப்பதற்காகப் புரத பவுடர்களை எடுப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் கூறியுள்ளது. அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இந்தியாவில் விற்கும் 36 புரத பவுடர்களைச் சோதித்தபோது சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் இருந்த புரத அளவு உண்மையோடு பொருந்தவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. இவை ஹலாலா என்ற கேள்வியும் நமக்கு உண்டு, மாத்திரை உறைகளில் உள்ள ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று பலவற்றில் எழுதியிருப்பதில்லை.

ஸ்டீராய்டு ஊசி பற்றி: இது ஆண்களுக்கான ஹார்மோனையோ அதன் செயற்கை வடிவத்தையோ அளவுக்கு மீறி உடலில் ஏற்றுவது. வெளியிலிருந்து வரும்போது உடல் தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. விரைகள் சுருங்குகின்றன, விந்தணு குறைகிறது. ஊசியை நிறுத்திய பிறகும் அது திரும்பி வர மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். மணமாகிக் குழந்தைக்காகக் காத்திருக்கும்போதுதான் சிலருக்கு இதன் விலை தெரிகிறது. மார்பு பெண்களுக்குப் போல் வளர்வது, முடி கொட்டுவது, கடுங்கோபம், பின்பு மனச்சோர்வு, நல்ல கொழுப்பு குறைவது, இரத்த அழுத்தம் ஏறுவது, இதயத் தசை தடித்துப் பலவீனமாவது ஆகியவையும் இதனால் வரும். ஊசியைப் பகிர்ந்துகொண்டால் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் தொற்றும்.

பிள்ளையின் அறையில் ஊசியோ மருந்துக் குப்பியோ கண்டால் அத்தாவும் உம்மாவும் முதலில் கத்த வேண்டாம். கத்தினால் மறைப்பான். மறைத்தால் மருத்துவரிடம் போகமாட்டான். பல வாரம் எடுத்தவர் திடீரென்று தானாக நிறுத்தும்போது கடும் மனச்சோர்வு வரக்கூடும். ஆகவே அன்போடு பேசி, ஹார்மோன் மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையிலோ அழைத்துப் போய்க் காட்டுவதே சரி.

வீட்டு அடுப்படியே போதும்

சாதாரணமாக ஒருவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு. எடைப் பயிற்சி செய்பவருக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை பயன்படும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 72 முதல் 96 கிராம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். மூன்று முட்டையில் சுமார் 18 கிராம். 150 கிராம் மீன் அல்லது கோழியில் 30. ஒரு கிண்ணம் பருப்பில் 7. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 9 அல்லது 10. இரண்டு தம்ளர் பாலில் 13. நாள் முழுக்கச் சாப்பிடும் சோறு, இட்லி, சப்பாத்தியில் 15. மொத்தம் 90ஐத் தாண்டிவிட்டது. மீன் வாங்க முடியாத நாளில் நிலக்கடலையும் பாசிப்பயறும் முட்டையும் அந்த இடத்தை நிரப்பும். ஒரு வேளையிலேயே மொத்தமாகச் சாப்பிடாமல் மூன்று வேளைக்கும் பகிர்ந்து உண்பது நல்லது. பெருநாள் பிரியாணியும் மாலை நேரத்து சமோசாவும் எடையைத்தான் கூட்டும், தசையைக் கூட்டாது. இரவு ஏழு மணி நேரத் தூக்கமும் பயிற்சியில் சேர்ந்ததுதான். ரமளானில் மாறிப்போன தூக்க நேரத்தைச் சரிசெய்யாமல் எடையை மட்டும் ஏற்றுவதில் பயன் இல்லை.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் பயிற்சி தொடங்கும் வாரத்தில் சர்க்கரை அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். தசை வேலை செய்யும்போது இரத்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்வதால் அளவு திடீரெனத் தாழக்கூடும். நீண்ட நாளில் இதே காரணத்தால்தான் எடைப் பயிற்சி சர்க்கரை நோயாளிக்கு நன்மை செய்கிறது.

வீட்டுப் பெண்களுக்கும் பெரியவர்களுக்கும்

எடைப் பயிற்சி என்றாலே இருபது வயதுப் பையன்களின் வேலை என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. உண்மையில் தசையின் தேவை வயது ஏற ஏறத்தான் கூடுகிறது. முப்பதைக் கடந்ததும் ஒவ்வொரு பத்தாண்டிலும் தசை சிறிது சிறிதாகக் குறைகிறது, அறுபதுக்கு மேல் வேகமாகக் குறைகிறது. படுக்கையில் விழுந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். ஆரோக்கியமாக இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்து எழுந்த பெரியத்தா குளியலறையில் தடுமாறி விழுவது இதனால்தான்.

அவர்களுக்கும் தசை திரும்பும். அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரை உள்ளவர்களுக்கு 8 வாரம் கால்களுக்கான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. 1990ல் வெளியான ஆய்வு இது. அவர்களில் பலர் கோலூன்றி நடந்தவர்கள்.

வீட்டிலேயே செய்யத்தக்கவை எளியவை. நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துச் செய்யும் தண்டால், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்து மடக்கி நீட்டுவது. ஒவ்வொன்றும் 8 முதல் 10 முறை, இரண்டு சுற்று. வாரம் குறைந்தது இரண்டு நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லா வயதுவந்தவர்களுக்கும் சொல்கிறது. பெண்கள் வெளியே போக வேண்டியதில்லை, வீட்டின் ஓர் அறையே போதும். தரையில் அமர்ந்து எழச் சிரமப்பட்டு நாற்காலித் தொழுகைக்குப் போனவர்களில் சிலர், மருத்துவர் அனுமதித்தால், இந்தப் பயிற்சியால் மீண்டும் ஸஜ்தாவில் நெற்றி பதிக்கும் நிலைக்கு வரலாம். அதைவிடப் பெரிய ஆதாயம் வேறென்ன?

உடல் ஓர் அமானிதம்

பலமுள்ள முஃமின் பலவீனமான முஃமினைவிட அல்லாஹ்வுக்கு உவப்பானவர் என்றும், இருவரிடமும் நன்மை உண்டு என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அந்தப் பலத்தில் ஈமானின் உறுதியே முதன்மையானது என்பார்கள் அறிஞர்கள். அந்த உறுதியைச் செயலாக்க உடலும் துணை நிற்க வேண்டும். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் கண்ணுக்கும் குடும்பத்துக்கும் அவர் மீது உரிமை இருப்பதை நபியவர்கள் நினைவூட்டினார்கள். வணக்கத்திலேயே உடலை வருத்துவதற்கு எல்லை உண்டென்றால், கண்ணாடிக்காக அதை அழித்துக்கொள்வதற்கு எங்கே இடம் இருக்கிறது?

குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்ற நபிமொழியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். தசையின் இயல்பும் அதற்கு ஒத்தே இருக்கிறது. சிறுகச் சிறுகச் செய்ததை அது எளிதில் மறப்பதில்லை. நோன்புக்காக விட்டீர்கள் என்றால் நல்ல காரணத்துக்காகவே விட்டீர்கள், கவலை வேண்டாம். பாதி எடையில் தொடங்குங்கள். வேகமாக வருவதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். வேகம் குறையும் நாளில் பொறுமையாக இருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உடலையும் உள்ளத்தையும் பாதுகாத்து, நம் அனைவருக்கும் பூரண ஆஃபியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.